கனம் பார்த்து வாங்கிய கார்டு

வலது உள்ளங்கையில் கம்ப்யூட்டரில் மாட்டும் ஒரு கிராபிக்ஸ் கார்டு, இடது உள்ளங்கையில் இன்னொன்று. கண்ணை மூடிக்கொண்டு கனம் பார்க்கிறார் லெஸ் பிரிக்னல். பர்னி ஊர்க் கடைவீதியில் நாலு மாதமாகச் சனிக்கிழமைதோறும் இதே கூத்து.

"லெஸ், நீங்க என்ன கேமா ஆடப் போறீங்க? போட்டோ திருத்தறதுக்கு இந்தச் சின்னதே தாராளம். மெமரிதான் முக்கியம்" என்பாள் கடைக்காரப் பெண் டேனிகா.

"கனமில்லாத சாமான் உழைக்காதும்மா" என்பார். முப்பது வருஷம் லாரி மெக்கானிக்காக இருந்தவர் வேறு என்ன சொல்வார்!

இவர் படமெடுப்பது இருட்டில் கரையேறும் பென்குயின்களை. பிளாஷ் அடிக்கக் கூடாது, சிவப்பு டார்ச்தான். அதனால் படமெல்லாம் ரவை தூவியதுபோலப் புள்ளி விழும். அதைத் துடைக்க அவருடைய பழைய கம்ப்யூட்டர் ஒரு படத்துக்கு இருபது நிமிஷம் எடுக்கும். எங்கள் கேமரா கிளப் கேடயத்தை ஆறு வருஷமாக இன்னொருவர் தட்டிக்கொண்டு போகிறார். அந்த இன்னொருவர் இவர் மனைவி நோரீன். காட்டுக் காளானை ஐம்பது தடவை படமெடுத்து, ஐம்பதையும் ஒன்றாகச் சேர்த்துத் தெளிவாக்குகிறவள். கேடயம் டிவிக்கு மேல் இருக்கிறது. தூசி தட்டுவது லெஸ்.

போட்டியின் கடைசி நாள் காலையில்தான் மூன்று விசிறி வைத்த ராட்சதக் கார்டை வாங்கி மாட்டினார். கிளப் செயலாளர் என்ற முறையில் படிவத்தில் கையெழுத்து வாங்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். இருபது நிமிஷ வேலை இருபது விநாடியில் முடிந்தது. பென்குயினின் மீசை மயிர்போன்ற இறகுகூடத் தெரிந்தது! மூன்று மணிக்கே அனுப்பிவிட்டு, "இந்த வருஷம் தூசி நீ தட்டு" என்றார் மனைவியிடம்.

அடுத்து அதே கம்ப்யூட்டர் முன்னால் நோரீன் உட்கார்ந்தாள். காளான்கள் ஒன்றுசேர ஆரம்பித்ததும் திரை கறுத்தது. பெட்டியைத் திறந்து பார்த்தால், கனம் தாங்காமல் கார்டு தலை தொங்கி நிற்கிறது. அடியில் விசிறிகள் சுற்றுவதால் முட்டுக் கொடுக்கவும் வழியில்லை; ஓரத்தில் ஒரு விரல் நுழையத்தான் இடம். மணி நாலே கால். ஐந்துக்குப் போட்டிக்குப் படம் அனுப்பும் நேரம் முடிகிறது.

"போகட்டும் விடு, கிழவா. கேடயம் உனக்குத்தான்" என்றாள். மவுஸைத் தள்ளி வைத்துவிட்டாள். எனக்கே சங்கடமாகிவிட்டது.

லெஸ் டிவி பக்கம் ஒருமுறை பார்த்தார். "சனியன்!" என்று முனகிக்கொண்டே தரையில் மல்லாந்து படுத்து, பெட்டிக்குள் கைவிட்டுக் கார்டின் ஓரத்தை ஒரு விரலால் தாங்கிப் பிடித்தார்.

"ஆன் பண்ணு!"

திரை வந்தது.

"கை ஆடுது, லெஸ்!"

"நீ உன் காளானைப் பாரு!"

நாலரை. நாலே முக்கால். நெற்றியில் வேர்வை ஓடியது. "இன்னும் எத்தனை?" என்றார்.

"பதினோரு படம்."

அந்த விரலை எடுக்காமலே இன்னொரு கையையும் உள்ளே நுழைத்து, மெதுவாக விரல் மாற்றிக்கொண்டார்.