துண்டுக்குள் பேசிய விலை

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் ஐம்பதுகளில் ஓசூர் வட்டாரத்து மாட்டுச் சந்தைகளில் என்னை மிஞ்சிய தரகன் கிடையாது. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் மாடு விற்றுக் கொடுப்பேன். என் தம்பியைப் பெங்களூரில் எம்.ஏ. வரை படிக்கவைத்தது இந்தக் கைதான். அயல்நாட்டு வாணிபம் கற்பித்த புரொபசர் என்று அவனை ஊரே மெச்சும். கப்பலில் கால் வைக்காமலே அந்தப் பாடத்தை நடத்தினான் என்பதை நான் சொல்லாவிட்டால் யாரும் சொல்லப்போவதில்லை.

அப்போது அவன் காலேஜில் சின்ன வாத்தியார். நம் பக்கத்திலிருந்து மைசூர் ராஜ்யத்துக்குப் போகும் மாட்டு வியாபாரத்தைப் பற்றி ஆராய்ச்சி எழுதினான். அது தேறினால் லண்டனில் மேற்படிப்பு. சிபாரிசு செய்யவேண்டியவர் அவனுடைய பெரிய புரொபசர். ஒரு வருஷம் வாராவாரம் சந்தைக்கு வந்தான். ஒவ்வொரு ஜோடி கைமாறியதும் நிறம், பல், கொம்பு எல்லாம் பார்த்து, என்னிடம் விலை கேட்டு எழுதிக்கொண்டான்.

எங்கள் தொழிலில் விலையை வாயால் பேசுவதில்லை. கைமேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம். முடிந்த விலை வாங்குகிறவன், விற்கிறவன், தரகன் மூவரோடு நின்றுவிடும். வெளியே யார் கேட்டாலும் இருபது முப்பது கூட்டித்தான் சொல்வோம். தம்பிக்கும் அப்படியே சொன்னேன். ஹாஸ்டலில் வளர்ந்தவன், அவனுக்கு இந்த வழக்கம் தெரியாது. எழுதுவதற்கு ஏதோ ஒரு எண் போதும் என்றுதான் நான் நினைத்திருக்கவேண்டும்.

பெரிய புரொபசருக்கு அத்திப்பள்ளிப் பக்கம் நிலம் இருந்தது. அந்த வருஷம் அவருடைய பண்ணையாள் ஒரு ஜோடி மயிலைக் காளை வாங்கியது என் துண்டுக்குள்தான். ஆராய்ச்சியைப் புரட்டியவர் தன் மாட்டையே அதில் அடையாளம் கண்டார். விலை மட்டும் வேறாக இருந்தது.

தம்பி பஸ் ஏறிச் சந்தைக்கே வந்துவிட்டான்.

"ஏண்ணா, நீங்க சொன்ன வெலையெல்லாம் பொய்யா?"

"பொய்யில்லப்பா. வெளி வெலை."

"நான் வெளியாளா?"

பக்கத்திலிருந்த தரகன் சிரித்தான். "என்னா வாத்தியாரே, துண்டுக்குள்ளயே பரீச்சை வெச்சுட்டாங்களா?"

தம்பி அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. "நான் இட்டுக்கட்டி எழுதிட்டேன்னு சொல்றாருண்ணா. நீங்க ஒருக்கா வந்து நம்ம வழக்கத்த அவர்கிட்ட சொல்லுங்க. நெசமான வெலை உங்களுக்கு ஞாபகம் இருக்குமில்ல?"

இருந்தது. அந்த வருஷத்து ஜோடி ஒன்றுவிடாமல் விலை ஞாபகம் இருந்தது. என் தலை அப்படி.

"அதெல்லாம் அங்க வந்து சொல்லிட்டா, அடுத்த வாரம் எவன்டா எங்கிட்ட கை குடுப்பான்? நீ படிச்சதே இந்தத் துண்டாலதான், மறந்துட்டியா?"

அவன் மாடுகளுக்கு நடுவே புகுந்து ரோட்டுக்குப் போய்விட்டான்.

மூன்று வாரம் கழித்து மாடுகளுக்குக் கோமாரி நோய் பரவி, சந்தையை மூடிவிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல்தான் பெங்களூருக்குப் பஸ் ஏறினேன். பெரிய புரொபசரைப் பார்க்கவேண்டும் என்றேன். காலேஜ் பியூன் நான் யாரென்று கேட்டுவிட்டு, "லண்டன் எடம் வேற ஆளுக்குப் போயி ஒரு வாரம் ஆச்சுங்களே" என்றார்.

தம்பியின் வகுப்பு வாசலில் போய் நின்றேன். இங்கிலீஷில் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். எனக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தான். குரல் மாறவில்லை. போர்டின் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே இருந்தான். மணி அடித்ததும் மாணவர்களோடு மாணவனாக அடுத்த வாசல் வழியே இறங்கிப் போனான்.