வலப்பக்கம் மட்டும் போகும் கோடுகள்

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை. லிஃப்டைக் கையால் தொடவே மாட்டார். அது எந்தெந்த நிலையில் இருக்கலாம் என்று கம்ப்யூட்டரில் வட்டம் போடுவார். கதவு திறந்திருந்தால் ஒரு வட்டம், மூடியிருந்தால் இன்னொன்று. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக ஒரு கோடு. எங்கே போய் மாட்டிக்கொண்டாலும் தரைத்தளத்துக்குத் திரும்பி வர வழி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் உத்தியோகமே. வழி இல்லையென்றால், மேலதிகாரி தலைகீழாக நின்றாலும் கையெழுத்துப் போடமாட்டார்.

அந்த வட்டங்களையே பெரிய துணியில் வண்ணம் வண்ணமாகத் தீட்டுவது ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். ஹால் முழுக்க பெயிண்ட் நாற்றம். “கண்றாவி, இதை யாரு வாங்குவா?” என்பேன் நான். “அப்பா, இது லிஃப்டா, அம்மை போட்ட முதுகா?” என்பான் மகன். அவனுக்கு வீட்டில் வாலு என்றுதான் பெயர்.

போன வருஷம் வாலு பைக்கில் போனான். லாரி அடித்துவிட்டது.

இவர் அழவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், போட்டதைச் சாப்பிட்டார். விஷயம் தெரியாமல் யாராவது பையனைக் கேட்டால், “வெளிய போயிருக்கான்” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “செத்துட்டான்னு ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லுங்களேன்! நானும் உங்களோட சேர்ந்து அழுது தொலைக்கிறேன்” என்று கத்துவேன். தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விடுவார். கல்லுளிமங்கன். உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளே மரத்துத்தான் கிடந்தது. நான் போடும் கத்தலே பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல் கேட்கும். தனியாக அழவும் வரவில்லை. இப்படியே இருந்தால் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டேன். பெட்டியும் கட்டியாகிவிட்டது.

அப்போதுதான் அவர் ஆபீஸில் ஊழியர்களின் ஓவியக் கண்காட்சி வைத்தார்கள். இவர் இந்தத் தடவை லிஃப்டை விட்டுவிட்டு எங்கள் வீட்டைத் தீட்டினார். விளக்கு எரிவது, அணைந்திருப்பது, நான் உள்ளே இருப்பது, வெளியே போவது, எல்லாம் வட்டங்கள். ஓர் ஆள் கூடினால், அவர் இருக்கும்போது ஒன்று, இல்லாதபோது ஒன்று என்று வட்டங்கள் இரண்டு மடங்காகிவிடுமாம். “இடப்பக்கம் அவன் வீட்ல இருக்கான். வலப்பக்கம் இல்ல” என்றார், காய்கறி விலை சொல்வதுபோல. இரண்டு பக்கமும் அச்சு அசல் ஒன்றுதான்.

கண்காட்சிக்கு நானும் போயிருந்தேன். எல்லோரும் “ஆஹா” என்றுவிட்டு நகர்ந்தார்கள். இவரிடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் மட்டும் நின்று, கோடு கோடாக விரலை ஓட்டிப் பார்த்தாள்.

“சார், இடப்பக்கத்துலேர்ந்து வலப்பக்கம் இத்தனை கோடு போகுது. திரும்பி வர ஒண்ணுகூட இல்லையே. மறந்துட்டீங்களா?”

“மறக்கல.”

“லிஃப்டா இருந்தா நீங்களே திருப்பி அனுப்பியிருப்பீங்க!” என்று சிரித்தாள்.

“ஆமா. லிஃப்டுன்னா வழி வெச்சுத்தான் ஆகணும்” என்றார் இவர், மீட்டிங்கில் பேசும் அதே குரலில். “இது எங்க வீடும்மா. பையன் செத்துட்டான்.”

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு வருஷமாக இவர் வாயிலிருந்து நான் பிடுங்கப் பார்த்த வார்த்தை. கேட்டதும் அத்தனை பேர் நடுவில் இவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“ஒரே ஒரு கோடு போட்டுடுங்க. திரும்பி வர்ற மாதிரி. யாருக்குத் தெரியப்போகுது? போடுங்கன்னா!”

இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். போடவில்லை.