சொதப்பலுக்கு ஓர் அட்டவணை

பகடையை உருட்டுவதற்கு முன் வாயால் ஊதக் கூடாது. உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சக் கூடாது. மேசையைத் தாண்டித் தரையில் விழுந்தால் செல்லாது. குனிந்து பார்த்துவிட்டு "இருபதுதான் விழுந்திருக்கு, சத்தியமா" என்றாலும் செல்லாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்த கையோடு லிஃப்ட் ஆய்வாளர் இந்தச் சட்டங்களை ஒருமுறை சொல்லி முடிப்பார். கேட்பவர்கள் மூன்றே பேர், மூவருக்கும் மனப்பாடம். ஆனாலும் சொல்லாமல் ஆரம்பித்தால் அவருக்குக் கை ஓடாது.

விளையாட்டு இதுதான். இல்லாத ஒரு நாட்டில் ஆளுக்கொரு வேடம். கதை சொல்வது ஆய்வாளர். அரக்கன், கொள்ளைக்காரன், இடிந்த கோட்டை எல்லாம் அவர் பொறுப்பு. தங்கள் வேடம் என்ன செய்கிறது என்று மற்றவர்கள் சொல்வார்கள். அது பலித்ததா என்பதை இருபது முகம் கொண்ட பகடை தீர்மானிக்கும். இருபது விழுந்தால் 'அதிரடி' என்று தலைப்பிட்ட அரைப்பக்கத் தாளைப் பார்த்து எதிரி என்ன ஆனான் என்று வாசிப்பார். ஒன்று விழுந்தால் 'சொதப்பல்'. அந்தத் தாள் இரண்டு பக்கமும் பொடி எழுத்தில் நூறு வரி. எந்த வரி என்பதற்கு நூறு வரை எண் காட்டும் வேறொரு பகடையை உருட்ட வேண்டும். வாள் நழுவி நண்பன் தொடையில் இறங்கும். வில்லின் நாண் அறுந்து மூக்கில் அடிக்கும். தொண்ணூற்றெட்டுக்கு மேல் போனால் வீரன் தன் தலையைத் தானே சீவிக்கொள்வான். எல்லாம் அவரே உட்கார்ந்து யோசித்து எழுதியவை. விளையாட்டோடு வந்த அட்டவணை அவருக்குப் போதவில்லை.

"அதுல வெறும் பன்னெண்டுதாங்க இருக்கு. மனுஷன் பன்னெண்டு விதமாத்தான் சொதப்புவானா?"

இத்தனைக்கும் மனிதருக்குப் பிழைப்பே விபத்தைத் தடுப்பதுதான். லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்வார்கள். இவர் அண்ணாந்து பார்ப்பார், இரும்புக் கயிற்றின் முனகலுக்குக் காது கொடுப்பார், மூடுகிற கதவுக்கு நடுவே குடையை நீட்டி அது திரும்பத் திறக்கிறதா என்று சோதிப்பார். சொந்த வீட்டுக்குப் படியேறித்தான் போவார். "விபத்துன்னு ஒண்ணு கிடையாது. யாரோ எங்கயோ அசட்டையா இருந்திருக்கான், அவ்ளோதான்" என்பது அவர் கட்சி. வாரமெல்லாம் ஒரு திருகாணிகூடக் கழன்று விழாமல் காக்கிறவர், விடுமுறையில் அடுத்தவன் காதை அறுப்பதில் காட்டும் உற்சாகத்தை மனைவி முதலில் கொஞ்சம் கவலையோடுதான் கவனித்தார். பிறகு பழகிவிட்டது.

அலுவலகத்தில் அவருக்கு ஆறாத ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. அதிக லிஃப்டுகளைப் பார்ப்பவர் அவர்தான், ஆகவே அதிகமாக விளக்கம் கேட்கப்படுபவரும் அவர்தான். பக்கத்து நாற்காலிக்காரர் வெயிலில் தலைகாட்டுவதில்லை. அவர்மேல் ஒரு புகார் கிடையாது. போன மாதம் அவரை மேலதிகாரியாக்கிவிட்டார்கள். "வேலை செய்யறவன் தலையிலதான் மெமோ. சும்மா உக்காந்திருந்தா மாலை" என்று அந்த வாரம் முழுக்க வீட்டுச் சுவரிடம்கூடப் புலம்பினார்.

மச்சினனுக்கு முடிதிருத்தும் கடை. அவன் சிரித்தால் கீழ்வீட்டில் எட்டிப் பார்ப்பார்கள். இந்த மேசையில் அவன் வாள்வீரன், அதுவும் தேர்ந்த வீரன். மற்றவர்கள் ஒருமுறை ஓங்குவதற்குள் மூன்று முறை வீசுவான். விளையாட ஆரம்பித்த இரண்டு வருடத்தில் அந்த வீரனுக்கு இடது காது, இரண்டு விரல், பாதிப் புருவம் போயிருக்கின்றன. எதிரி யாரும் அவனைத் தொட்டதில்லை, எல்லாம் சொந்த வாளின் கைங்கரியம். அவன் அக்காவுக்கு, அதாவது ஆய்வாளரின் மனைவிக்கு, வைத்தியச்சி வேடம்; தம்பியின் விரலைத் தேடிப் பொறுக்கவே அவருக்கு நேரம் சரியாக இருக்கிறது. மேல்வீட்டுக் கணக்கர் மந்திரவாதி. அவருடைய மந்திரத்துக்குப் பகடை உருட்ட வேண்டியது எதிரியே என்பது விதி. அவர் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு அங்கம் குறையாமல் இருக்கிறார்.

"நாள் பூரா கத்தியும் கத்திரியுமா நிக்கிறேன் மாமா. என் கடையில இதுவரைக்கும் ஒரு காது கீழ விழுந்திருக்கா?" என்று மச்சினன் கேட்பான்.

"நான் என்ன பண்றது மாப்ள? பகடை சொல்லுது."

போன வாரம் பெருவிரலும் போனபோது அவன் ஒரு வார்த்தை சொன்னான். "இன்னொரு தடவை என் ஆளு தன்னையே வெட்டிக்கிட்டான்னா, ஞாயித்துக்கிழமையும் கடையைத் திறந்துடுவேன். அங்க வெட்டினா கூலியாவது தருவாங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னான், ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஆய்வாளருக்கு நண்பன் என்றும் தம்பி என்றும் இருப்பது மச்சினன் ஒருவன்தான். அவன் சிரிக்காத ஞாயிறு வெறும் விடுமுறை. அட்டவணையைத் தூக்கிப் போட்டால் தீர்ந்தது, அது அவருக்கும் தெரியும். ஆனால் போட்ட சட்டத்தை எடுத்தால், இதுவரை போன காதுக்கு யார் பதில் சொல்வது?

இந்த வாரம் கோட்டைக்குள் நுழைந்துவிட்டார்கள். சிம்மாசனத்தில் அரக்கன், குற்றுயிராக. மச்சினன் எழுந்து நின்று உருட்டினான். முதல் வீச்சு தோளில் இறங்கியது. இரண்டாவது தப்பியது. மூன்றாவதற்குப் பகடை உருண்டு, தயங்கி, ஒன்றில் நின்றது.

எந்த வரி என்று பார்க்க நூறு எண் பகடையை உருட்டினான். தொண்ணூற்றொன்பது.

ஆய்வாளர் தாளைத் திருப்பவில்லை. அந்த வரி எல்லோருக்கும் தெரியும். மச்சினன் சட்டைப்பையைத் தடவி வண்டிச் சாவியை எடுத்தான். அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"ஒண்ணு கேக்கட்டுமாங்க?" என்றார் மனைவி. "இவன் நல்லா சண்டை கத்துக்கிட்டான், அதனால மூணு தடவை வீசறான். வீசறவனுக்குத்தானே ஒண்ணு விழும்? மேல்வீட்டு அண்ணன் பகடையையே தொடறதில்ல, ஒரு கீறல் உண்டா அவருக்கு? அப்படியே அச்சு அசல் உங்க ஆபீஸ்."

"பகடை..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். எதிரே கணக்கர் ஒரு கடலையின் தோலை நிதானமாக உரித்துக்கொண்டிருந்தார். புதிய மேலதிகாரியின் சாயல் அவருக்கு இருப்பது ஆய்வாளருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

எழுந்து போய் அலுவலகப் பையிலிருந்து மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைக் கொண்டுவந்தார். அதை மேசை நடுவில் வைத்து, ஒரு கண்ணை மூடி, குமிழியைப் பார்த்தார். வேலையில் இருக்கும்போது வரும் குரல் வந்தது.

"குமிழி ஓரத்துக்குப் போயிடுச்சு. மேசை மட்டமா இல்ல. சாஞ்ச மேசையில விழுந்தது செல்லாது."

மச்சினன் சாவியோடு நின்றான். "அப்ப இத்தனை நாளா விழுந்தது?"

"மேசை இதேதானே? அதுவும் செல்லாது."

"என் காது?"

"இருக்கு."

"விரலு?"

"எல்லாம் இருக்கு. உக்காரு மாப்ள."

மச்சினன் நாற்காலியை இழுத்துப் போட்டான். ஆய்வாளர் சொதப்பல் அட்டவணையை நான்காக மடித்தார், கனம் போதவில்லை என்று எட்டாக மடித்தார், மேசைக்கு அடியில் மண்டியிட்டு அதைக் குட்டையாக இருந்த காலுக்குக் கீழே அழுத்திச் செருகினார்.