லிபி அக்கா போகாத மொசாம்பிக்

"அங்க அண்டிய நிறுத்திப்போட்டா, இங்க நாங்க எதைத் தல்லுவோம் மக்ளே?" என்று அம்மை என்னிடம் கேட்டாள். எனக்கு அப்போது பதினொரு வயது. பதில் தெரியவில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் இப்போது, அந்தக் கேள்வி என் அக்கா லிபியை என்ன செய்தது என்றாவது எழுதத் தெரிகிறது.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, பாறசாலைப் பக்கம் எங்கள் வீடு. அம்மை ரத்னாபாய் முந்திரித் தொழிற்சாலையில் கொட்டை உடைப்பவள். எங்கள் ஊரில் முந்திரிக்கொட்டை என்றால் அண்டி, அதை உடைப்பது தல்லுவது, தொழிற்சாலை அண்டியாபீஸ். அந்தக் கூலியில்தான் அக்கா காரியவட்டம் பல்கலைக்கழக வளாகத்தில் எம்.ஏ. பொருளாதாரம் படித்தாள். 1998-ல், ஆப்பிரிக்க நாடுகளின் அரசுக் கொள்கையை ஆராய ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அவளுக்கு ஃபெலோஷிப் கொடுத்தது. இரண்டு வருடம். அதில் ஒரு வருடம் மொசாம்பிக்கில்.

நல்ல காரியம் நடந்தால் எங்கள் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டு, எழுந்து நின்று சாட்சி சொல்வது வழக்கம். கர்த்தர் உதவினார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும். அக்காவுக்கு எதையும் அரைகுறையாகச் சொல்ல வராது. உடைக்காத கொட்டையை வெளியே அனுப்புவதற்கான வரியை மொசாம்பிக்கில் குறைத்துவிட்டார்கள், அதனால் அங்கே தொழிற்சாலைகள் மூடிப் பெண்கள் வேலை இழந்தார்கள், அந்தக் கொட்டைதான் கப்பலேறி இங்கே வருகிறது என்று விளக்கினாள். அந்த வரியை மறுபடி கொண்டுவர வேண்டும் என்று காட்டத்தான் தன் ஆய்வு என்றாள். கேட்டுக்கொண்டிருந்த பெண்களில் பாதிப் பேர் அண்டியாபீஸில் வேலை செய்பவர்கள்; அந்தக் கொட்டை வராவிட்டால் அவர்களுக்கு வேலை இல்லை. அடுத்த பாட்டை யாரும் சரியாகப் பாடவில்லை.

சபைக் கோயில் வாசலிலேயே அண்டியாபீஸ் மேஸ்திரி யோசுவா அம்மையை நிறுத்தினார். "ரத்னாபாயி, உனக்க மவ நம்ம கஞ்சியில மண்ணு வாரிப் போடதுக்கா அங்க போறா?"

மறுநாள் முதல் வேலையில் அம்மையின் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அக்கா அவர்கள் வீடுகளுக்குப் போய், அங்கே வேலை போனவர்களும் உங்களைப் போலத் முந்திரித் தோட்டின் எரிக்கும் எண்ணெய் பட்டுக் கை வெந்தவர்கள்தான் என்று சொல்லிப் பார்த்தாள். ஒருத்தி கேட்டாள்: "அவளுவளுக்கு எங்கள தெரியுமாட்டீ?"

அம்மை திட்டவில்லை. சாப்பிடுவதை விட்டாள். அக்கா அதற்கு மேல் தாங்கவில்லை. தலைப்பை அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளைப் பற்றியதாக மாற்றித் தரும்படி அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். முந்திரிக்காகத்தான் உங்களைத் தேர்ந்தெடுத்தோம் என்று பதில் வந்தது. இடம் வேறொருவருக்குப் போயிற்று. அம்மையின் பக்கத்தில் ஆட்கள் மறுபடி வந்து உட்கார்ந்தார்கள்.

அடுத்த வருடம் முதலாளி, அங்கே கூலி குறைவு என்று ஆபீஸை எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டுக்கு மாற்றிவிட்டார். யோசுவா மட்டும் கூடப் போனார். கப்பலில் கொட்டை வருவது ஒருநாளும் நிற்கவில்லை.

பூட்டிய கேட்டின் முன்னால் நின்ற பெண்களில் ஒருவரும் அக்காவிடம் வரவில்லை. அக்கா இப்போது ஒரு டுட்டோரியலில், தோற்ற பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். அம்மை ஒரே ஒருமுறை, "நீ போயிருக்கலாம் மக்ளே" என்றாள்.

அக்கா தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "போயிருந்தா, என்னாலதான் ஆபீஸ் பூட்டினதுன்னு எல்லாரும் சொல்லியிருப்பிய."

இதைப் படிப்பவர்களில் யாராவது மொசாம்பிக்குக்குப் போனால், அங்கே கொட்டை உடைத்த பெண்களிடம் லிபி அக்காவின் கதையைச் சொல்லுங்கள். அவர்களிடமிருந்து வந்த வேலை எங்களிடமும் தங்கவில்லை என்று சொல்லுங்கள். உங்களால் போக முடியாவிட்டால், போகிறவர்களிடம் சொல்லி அனுப்புங்கள்.