வைக்கோல் தின்ற யூரியா

என் நெல்லை வெளுக்க வைத்தது நீங்கள்தான், வேளாண்மை அலுவலரே.

ஊர்க் கூட்டத்தில் என்ன சொன்னீர்கள்? "வைக்கோலைக் கொளுத்தாதீங்க, மடக்கி உழுங்க. அதுலயே தழைச்சத்து இருக்கு. யூரியாவைப் பாதியாக் குறைங்க." அவ்வளவுதான். அதற்குள் டீ வந்துவிட்டது.

எனக்கு அந்தப் போகம் விளைந்தே ஆக வேண்டும். நிலம் எனக்கும் அண்ணனுக்கும் பொது. சுற்றிலும் குடோன் எழும்பிவிட்டது. "இந்தப் போகமும் போச்சுன்னா விக்கறதுக்குக் கையெழுத்துப் போட்டுடணும்டா. அப்பறம் பேச்சே கெடையாது" என்றார் அண்ணன். சரி என்றேன்.

நான் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறவன். லீவு நாளில்தான் விவசாயம். கெலவரப்பள்ளி அணை வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். எங்கள் முறை வந்ததும் லீவு போட்டு, அறுவடை மெஷின் கொட்டிப்போன வைக்கோலைச் சேற்றோடு உழுது, மறுநாளே நட்டேன். இங்கே எல்லோரும் உழுத மறுநாளே நடுகிறவர்கள்தான். முறை போனால் தண்ணீர் போச்சு. யூரியாவும் நீங்கள் சொன்ன பாதிதான்.

நாற்று வேர் பிடித்தது, பச்சை பிடிக்கவில்லை. பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று சிரித்தார். "ஏம்ப்பா, நெல்லு நட்டியா, மஞ்சள் நட்டியா? ஈரோட்டுக்கே ஏத்திடலாம் போல!" அவர் வைக்கோலைக் கொளுத்தியவர். அவர் வயல் கரும்பச்சையாக நின்றது.

உங்களைக் கூப்பிட்டேன். வந்தீர்கள், வரப்பைவிட்டு இறங்கவில்லை. "அணைத் தண்ணியில கம்பெனிக் கழிவு கலந்து நுரை வருதில்ல, அதான்."

"அதே தண்ணிதானே சார் அவருக்கும் பாயுது?"

பைக்கில் ஏறிக்கொண்டே சொன்னீர்கள்: "புது வைக்கோல் மக்கும்போது யூரியாவை அதுதான் மொதல்ல இழுத்துக்கும். உழும்போதே கொஞ்சம் யூரியா போட்டு, மூணு வாரம் மக்க விட்டு நட்டிருக்கணும். இதுகூடத் தெரியாதா?"

தெரிந்திருந்தால் உங்கள் பேச்சை ஏன் கேட்கிறேன்?

மேலுரத்துக்கு அலைந்தேன். கடையில் யூரியா இல்லை. வைக்கோல் மக்கி முடித்து, இழுத்த சத்தை விட்ட பிறகு பயிர் திடீரென்று பச்சையானது. கதிர் வர வேண்டிய நேரத்தில் அடியிலிருந்து புதுத் தூர் வெடித்தது. பாதிக்கு மேல் பதர். என் மனைவி ஒரு கை அள்ளி ஊதினாள். உள்ளங்கையில் நாலு மணி நின்றது. "இதுக்குத்தான் லீவு போட்டு லீவு போட்டு செத்தீங்களா?" என்றாள்.

அண்ணன் ஆள் கூட்டி வந்து நிலத்தை அளந்துவிட்டார். "உனக்கு வெவசாயம் தெரியாதுடா, விடு" என்கிறார். தப்பு என்னுடையது இல்லை என்று அவர் நம்பினால் இன்னும் ஒரே ஒரு போகம் கேட்டுப் பார்ப்பேன்.

வைக்கோலை உழுவது நல்லதாகவே இருக்கட்டும். மூன்று வாரத்தை ஏன் மறைத்தீர்கள்? முறைத் தண்ணீரில் நடுகிறவன் அந்த மூன்று வாரத்துக்கு எங்கே போவான்? என்னிடம் தனியாகச் சொல்ல வேண்டாம். அடுத்த குறைதீர் கூட்டத்துக்கு அண்ணனையும் அழைத்து வருகிறேன். எல்லா விவசாயிகளும் கேட்க, எழுந்து நின்று பதில் சொல்லுங்கள்.