கன்னியம்மாள் நிறுத்திய தண்ணீர்

"மூலைக் கம்பத்துல லைட்டு இன்னிக்குப் போட்டுடுவாங்க. ரேஷன்ல மண்ணெண்ணெய் வந்துகீது, ஜல்தி போங்க. கால்வா அள்ற வண்டி ரிப்பேரு. எப்ப வரும்னு எனக்கும் தெரியாது. கேட்டுகினு வந்து சொல்றேன்."

குழாய்மேடை விளிம்பில் ஒரு காலை ஊன்றி நின்று, கன்னியம்மாள் அன்றைய சேதிகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும்போதும் அவர் குரல் இறங்குவதில்லை.

ஆரணியில் பட்டு நெய்கிற இந்தத் தெரு அடங்கிய வார்டுக்கு அவர்தான் கவுன்சிலர். தொண்ணூற்றாறில் பெண்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் நின்று ஜெயித்தவர். அதுவரை கணவர் வேணுகோபாலின் தறிக்கு ராட்டையில் ஊடை நூலைத் தாராகச் சுற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தார், இப்போதும் சுற்றுகிறார். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை என்பதால் மைக் தேவைப்பட்டதே இல்லை. நகராட்சிக் கூட்டத்திலும் அதே குரல்தான். "இன்னாமா, பக்கத்துலதான கீறோம்" என்று மற்ற உறுப்பினர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

முதல் வருடம் வீடு தேடி வந்தவர்களெல்லாம் வேணுகோபாலைத்தான் "கவுன்சிலர் சார்" என்று கூப்பிட்டார்கள். அவர் தறிக்குழியை விட்டு எழுந்திருக்காமலே, "அவங்க உள்ள கீறாங்க. நான் ஊட்டுக்காரன்" என்பார்.

சேதி சொல்லி முடித்ததும் கன்னியம்மாள் தெருவை ஒரு சுற்று வருவார். எந்த வாசலிலும் உட்காரமாட்டார். உட்கார்ந்தால் காபி வரும், காபி வந்தால் அடுத்த வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். நின்றபடியே, "எல்லாரும் நல்லா கீறீங்களா?" என்பார். மரியாதைக்குக் கேட்கிற கேள்வி அல்ல அது. பதில் வரும்வரை நகரமாட்டார்.

போன மழைக்காலத்தில் அந்தக் கேள்விதான் அவரைச் சிக்கலில் இழுத்துவிட்டது. ஒருநாள் கீழண்டை வரிசையில் வீட்டுக்கு வீடு ஒரே பதிலாக வந்தது: வாந்தி, பேதி. மேலண்டை வரிசையில் யாருக்கும் ஒன்றுமில்லை. இரண்டு வரிசைக்கும் குழாய் தனித்தனி. கீழண்டை வரிசைக் கமலத்தின் சின்னப் பேரனை வேலூர் ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

கன்னியம்மாள் நேரே நகராட்சி இன்ஜினியர் ஜெயச்சந்திரனிடம் போனார்.

"தண்ணியப் பரிசோதனைக்கு அனுப்பறேம்மா. ரிசல்ட் வரட்டும்."

"அதுவரைக்கும் குடிச்சிகினே இருக்கட்டுமா சார்?"

ஜெயச்சந்திரன் உடனே சைக்கிளில் ஆள் அனுப்பி வால்வை மூடச் சொன்னார்.

தண்ணீரை நிறுத்தியதும் தெரு கொதித்துப்போனது. லாரித் தண்ணீருக்கு வரிசை, அந்த வரிசையில் சண்டை. போதாக்குறைக்கு, உடைப்பைத் தேடித் தெரு நடுவில் பள்ளம் வேறு தோண்டினார்கள். விடிந்ததும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக்கட்டிச் சரிபார்க்கிற இடம் அது. பாவு போட முடியாமல் தறிகள் சும்மா கிடந்தன. கமலத்தின் வாய்தான் எல்லாருக்கும் மேலே ஒலித்தது. "வோட்டு போட்ட ஜனத்துக்கு நல்லாத் தண்ணி காட்டிட்டாம்மா இவ!"

முதல் பள்ளத்தில் குழாய் முழுசாக இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. யாரோ சிரித்தார்கள். கன்னியம்மாள் குனிந்து குழாயைப் பார்த்தார். தப்பாகப் பயந்துவிட்டோமோ? வீட்டுக்கு வந்து ராட்டையில் உட்கார்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருந்தது.

வேணுகோபால் தறியை நிறுத்தினார். "தப்பா இருந்தா இன்னா இப்போ? தப்புன்னு நாளைக்கு நீயே மேடையில நின்னு சொல்லிடு. நீ சொல்லாத சேதியா?"

மறுநாள் காலை ஜெயச்சந்திரன் தயங்கித் தயங்கி வந்தார். சாக்கடைக் கால்வாய்க்கு அடியில் குழாய் போகிற இடம் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறதாம். அது கமலத்தின் வாசலுக்கு நேர் எதிரே இருந்தது.

கமலம் படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். "புள்ள ஆஸ்பத்திரில படுத்துகீது. இந்த நேரத்துல என் வாசல்ல கடப்பாறை படக்கூடாது. மீறிப் பண்ணீங்க, நடக்கறதே வேற."

கூட்டம் கன்னியம்மாளைப் பார்த்தது. அவர் கிட்டே போய் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினார். பக்கத்தில் நின்றவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அக்கா, பையன் திரும்பி வந்து இந்தத் தண்ணியத்தான குடிக்கணும்?"

கமலம் படியில் கையை ஊன்றினார். பிறகு எழுந்தார். வாசலோரம் இருந்த துளசித் தொட்டியைத் தானே நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இடுப்பளவு பள்ளம் தோண்டியதும் ஜெயச்சந்திரனே பேண்டை மடித்துக்கொண்டு இறங்கினார். சேற்றுக்குள் கையை விட்டுத் தடவினார். தடவிய கை ஓரிடத்தில் நின்றது. "அம்மா! இருக்கு!" குழாயின் இணைப்பு விட்டுப்போய் விரல் நுழைகிற அளவுக்குப் பிளந்திருந்தது. கால்வாய்த் தண்ணீர் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

கன்னியம்மாள் பள்ளத்தின் கரையிலேயே சேற்றில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எதை முதலில் விடுவதென்று தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. புதுக் குழாய் போட்டார்கள். மருந்து கலந்து கழுவிவிட்டார்கள். கீழண்டை வரிசையில் புதிதாக யாரும் படுக்கவில்லை. கமலத்தின் பேரன் அப்பாவின் தோளில் தொத்திக்கொண்டு வேலூர் பஸ்ஸிலிருந்து இறங்கினான். இறங்கியதும் பன்னு கேட்டு அடம்பிடித்தான். அவன் அழுத சத்தம் தெருவுக்கே கேட்டது. அழட்டும் என்று எல்லாரும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் திறந்த காலையில் மேடையைச் சுற்றி நல்ல கூட்டம்.

"தண்ணி சுத்தமா கீதுன்னு ரிசல்ட் வந்துகீது. இருந்தாலும் கொஞ்ச நாளைக்குக் காய்ச்சிக் குடிங்க. பள்ளத்த நாளைக்கு மூடிடுவாங்களாம். நாளைக்குன்னு அவங்க சொன்னாங்க, நான் சொல்லல."

சிரிப்பு எழுந்தது. கன்னியம்மாள் மேடையை விட்டு இறங்கினார். வரிசையின் கடைசியில், தரையைப் பார்த்தபடி கமலம் நின்றிருந்தார். கன்னியம்மாள் அவரிடம் போய்க் குடத்தை வாங்கி வந்தார். குழாயடியில் வைத்து நிரப்பினார். நிரம்பியதும் தூக்கிக்கொண்டு போய்க் கமலத்தின் இடுப்பில் பதமாக அமர்த்தி, வெளியே வழிந்த தண்ணீரைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.