எங்கள் தெருவுக்கு நான் போட்ட மார்க்

அரியலூர் பெரம்பலூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த காலம். நான் பெண்கள் பள்ளியில் இயற்பியல் டீச்சர். என் கொழுந்தன் வீடும் எங்கள் வீடும் ஒரே தெருவில்தான், நடுவில் நாலு வீடு. பாகம் பிரித்தபோது பழைய ஓட்டு வீடு அவருக்கு, தெருக்கோடி மனை எங்களுக்கு என்று ஆனது. மனைதான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டு வாங்கியது நான். அதில் மேற்குப் பார்த்து காங்கிரீட் வீடு கட்டி மொசைக் தரை போட்டோம். புதுமனை புகுந்த அன்று கொழுந்தன் மனைவி, என் ஓர்ப்படி, ஒவ்வொரு அறையாகப் பார்த்துப் பார்த்துப் புகழ்ந்தாள். எனக்கு அவள்மேல் பரிதாபமாகக்கூட இருந்தது.

அடுத்த சித்திரையில் அந்தப் பரிதாபம் போய்விட்டது. ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் என் வீட்டுக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தம்பி வீட்டுக்குப் படுக்கப் போனார். மகனும் பின்னாலேயே போனான். அங்கே ஃபேன்கூட வேண்டாம், நல்ல தூக்கம் வருகிறது என்று இரண்டு பேரும் சொன்னார்கள். மொட்டைமாடி தணலாகக் கொதிக்க, நான் ஜன்னலில் ஈரத்துணியைத் தொங்கவிட்டு, இரண்டு ஃபேனையும் ஓடவிட்டு, என் வீட்டில் தனியாகப் படுத்திருந்தேன். என்ன வைத்திருக்கிறாள் அந்த வீட்டில் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

அந்த வருஷம் பள்ளி அறிவியல் மன்றத்துக்கு நான் ஒரு வேலை யோசித்தேன். எங்கள் தெருவில் எந்த வீடு மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவு செய்கிறது என்று மாணவிகள் வீடு வீடாகப் போய் மார்க் போட வேண்டும். நூற்றுக்கு நாற்பது மார்க், மதியம் இரண்டு மணிக்கு வீட்டுக்குள் எவ்வளவு சூடு என்பதற்கு. தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். இன்னொரு நாற்பது, மின்வாரியத்தார் மீட்டர் கணக்கு எழுதும் வெள்ளை அட்டையில் ஏறியிருக்கும் யூனிட்டை ஆள் கணக்கில் வகுத்து. விளக்கும் ஃபேனும் என்ன வகை என்பதற்கு இருபது. மொத்தத்தைப் பார்த்து அ, ஆ, இ என்று தரம் எழுதி வாசல் கதவில் ஒட்டுவதாகத் திட்டம்.

உண்மையைச் சொன்னால், டியூப் லைட்டும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரும் வைத்திருக்கும் என் வீடுதான் முதலில் வரும் என்று நினைத்திருந்தேன். தாள்கள் வந்தன. ஓர்ப்படி வீடு அ, தெருவிலேயே முதல். என் வீடு இ.

அந்தத் தாள்களை இரண்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் பள்ளி முடிந்ததும் ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து சூட்டுக்கு இருந்த நாற்பதைப் பத்தாக்கினேன். விளக்குக்கு இருந்த இருபதை ஐம்பதாக்கினேன். தெர்மாமீட்டர் அளவை நம்ப முடியாது என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். அவள் வீட்டில் அத்தனையும் குண்டு பல்பு. இரண்டு வீடும் ஆ என்று வந்தது. அதற்கு மேல் என் வீட்டை ஏற்றிவைக்க எனக்கே கூச்சமாக இருந்தது.

காகிதம் ஒட்டிய மறுநாள் அவள் வந்தாள். அடுப்படியில் என் பக்கத்தில் நின்று, பல்பை மாற்றினால் மார்க் கூடுமா என்று கேட்டாள். கூடும் என்றேன். அவள் போகவில்லை.

"அந்தப் புள்ளைங்க அன்னிக்கே எங்க வூட்டு வாசல்ல மார்க்கக் கூட்டிப் பாத்துட்டு, அ வரும்னு சொல்லிட்டுத்தாங்க்கா போச்சுங்க."

நான் அடுப்பைத் தணித்தேன். வேறெங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே ஒட்ட வேண்டாம்னு இருந்திருப்பேங்க்கா," என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவளுக்குக் கோபமே வரவில்லை. அந்தப் பொறுமையும் அவளிடம்தான் இருக்கிறதே என்று அந்த நிமிஷத்திலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

மறுநாள் வகுப்பில் மாணவிகளிடம் நான் மார்க்கை மாற்றியதைச் சொன்னேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பழைய கணக்கையே எழுதி எல்லா வீட்டுக் காகிதங்களையும் மாற்ற ஏற்பாடு செய்தேன். இரண்டு வீட்டுக்கு மட்டும் சனிக்கிழமை நானே போனேன். என் கதவில் இ ஒட்டினேன். பிறகு மைதா பசைக் கிண்ணத்தோடு அவள் வீட்டுக்குப் போனேன். மதியம் இரண்டு இருக்கும். அவள் காகிதத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள, நான் பசை தடவி நேராக ஒட்டினேன்.

"உள்ள வந்து செத்த உக்காந்துட்டுப் போங்கக்கா, வேர்த்து ஊத்துது," என்றாள்.

திறந்திருந்த கதவு வழியாக உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தேன். எனக்கு ஒரு வேலையும் இல்லை.